அடித்தொனி வீட்டுக்குள் வந்த வரலாறு: தமிழ்நாட்டில் ஒலிபெருக்கிகளும் பேஸ் இசையும்

பேச்சுவழக்கில் 'பேஸ்' எனப்படுவது இசையின் அடித்தொனி. ஏறத்தாழ 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்களைக் கொண்ட ஒலிப்பகுதி இது. மின்னணு நடன இசை, ஹிப் ஹாப், இன்றைய திரைப்படக் குத்துப்பாடல் ஆகியவற்றின் கனம் பெரும்பாலும் இதன் கீழ்ப்பாதியில், 40 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்கியிருக்கிறது. இந்த ஒலியை வீட்டில் இருந்தபடியே கேட்கும் வசதி தமிழ்நாட்டுக்கு மிக அண்மையில் வந்தது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நமக்கு இசையைக் கொண்டுவந்து சேர்த்த கருவிகள் எல்லாமே அடித்தொனியை வழியில் உதிர்த்துவிட்டுத்தான் வந்தன. எந்தக் கருவி எதை உதிர்த்தது, ஏன் உதிர்த்தது என்று தெரிந்தால், இன்று வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்குவோர் விளம்பர எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

தோலும் ரவையும்

அடித்தொனி நமக்குப் புதிதல்ல. பழந்தமிழ் இசை இலக்கணம் ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. மெலிவு என்பது இன்று மந்தர ஸ்தாயி என அழைக்கப்படும் தாழ்ந்த நிலை. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பலரும் பார்த்திருப்பர். தோலின் எடை கூடினால் அதன் அதிர்வெண் குறையும்; 'தொம்' என்ற கனத்த ஒலி அதனால் பிறக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கமும், குச்சியால் தேய்த்து முழக்கப்படும் உறுமியும், பம்பையும் இதே வேலையைச் செய்பவை. கோயில் வாசலில் தவில் முழங்கும்போது வயிற்றில் ஓர் அதிர்வு உணரப்படுமே, அது அடித்தொனியின் வேலை.

அந்த அதிர்வு கருவியின் அருகில் நின்றவருக்கு மட்டுமே கிடைத்தது. மின்சாரத்தின் வழியாக இசை ஊரெங்கும் பரவத் தொடங்கியபோது, முதலில் விடுபட்டுப்போனதும் அதுவே.

கூம்புக் குழாயும் வானொலியும்

1915 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் ஆகிய இருவர் இயங்கு சுருளுடன் ஒரு கூம்பைப் பொருத்தி ஒலிபெருக்கி செய்தனர். மாக்னவாக்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் பனைமரத்தில் கட்டப்பட்ட கூம்புக் குழாய் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறிய மின்திறனில் நெடுந்தூரம் கேட்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால் ஒரு கூம்பு தாழ்ந்த ஒலியை நன்றாக வெளியேற்ற வேண்டுமானால், அதன் வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளத்தை ஒட்டியிருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதற்கு ஏழடி விட்டமுள்ள வாய் வேண்டும்! ஒன்றரை அடிக் குழாயில் மனிதக் குரல் கணீரென்று வரும், நாதஸ்வரம் வரும், தவிலில் 'தக' வரும், 'தொம்' வராது. மாரியம்மன் கோயில் பாட்டை விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கேட்டவர்கள் கேட்டது பாட்டின் மேற்பாதியை மட்டுமே.

சென்னையில் வானொலி 1924 இல் தொடங்கியது. அவ்வாண்டு மே 16 ஆம் நாள் அமைக்கப்பட்ட சென்னை மாகாண வானொலிக் கழகம் ஜூலை இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமின்றி 1927 இல் நின்றுபோனது. 1930 இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. மெரினா கடற்கரை உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்து மக்களுக்கு இசை கேட்க வகை செய்தது. 1938 ஜூன் 16 முதல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் இயங்கியது. இதனிடையே 1925 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகியோர், கூம்புக் குழாய் இல்லாமல் ஒரு தாள் கூம்பே நேராகக் காற்றைத் தள்ளும் அமைப்பை வெளியிட்டனர். இன்று நம் வீடுகளில் உள்ள ஏறத்தாழ எல்லா ஸ்பீக்கர்களும் அதன் வாரிசுகளே.

வால்வு வானொலிகளின் மரப்பெட்டிக்குள் இந்தத் தாள் ஸ்பீக்கர் அமர்ந்திருந்தது. பெட்டி பெரிதாக இருந்ததால் ஒலியில் ஓர் இதமான கனம் இருந்தது. டிரான்சிஸ்டர் வானொலி வந்ததும் பெட்டி சுருங்கியது, அந்தக் கனமும் போயிற்று. சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு (நானும் அதில் ஒருவன்) இசை என்பது அலையலையாக ஏறி இறங்கும் ஒரு மெல்லிய குரல்தான்.

இசைத்தட்டிலும் இதே கதை. தாழ்ந்த ஒலியை உள்ளபடியே வெட்டினால் ஊசியின் தடம் அகன்று பக்கத்துத் தடத்தில் புகுந்துவிடும். எனவே வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, இசைக்கும்போது மின்சுற்றால் கூட்டிக்கொள்ளும் முறை 1950களில் உலகெங்கும் ஒரே அளவாக நிலைபெற்றது. கூட்டிக்கொடுக்கும் சுற்று சரியாக இருந்தாலும், அதை ஒலிக்கச் செய்யும் ஸ்பீக்கர் பெரும்பாலான வீடுகளில் இல்லை.

இல்லாத ஒலியைக் கேட்ட காதுகள்

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 1976 இல் அன்னக்கிளியுடன் வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடாருக்குப் பெரிய இடம் உண்டு. அந்தப் பாடல்களை எல்லாரும் சிறிய வானொலியிலும் டேப் ரெக்கார்டரிலும்தானே கேட்டார்கள்? பேஸ் கிடாரின் கனத்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். கையகல ஸ்பீக்கரால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச இயலாது. பிறகு எப்படி அந்தப் பேஸ் நடை நம் நினைவில் நின்றது?

விடை நம் காதில் இருக்கிறது. ஒரு கம்பி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மேற்சுரங்களும் எழும். 41 தொலைந்தாலும் 164, 205 ஆகியவை ஸ்பீக்கரில் வரும். அந்த மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. சுரம் புரியும், ஆனால் உடல் உணரும் அதிர்வு கிடைக்காது. இன்று கைப்பேசியில் பேஸ் கேட்பதாக நினைக்கும் இளைஞர்களுக்கு நடப்பதும் இதுவே.

பானை ஸ்பீக்கர்

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா தமிழ்நாட்டில் பரவலானது எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன், சென்னை பர்மா பஜாரில் வாங்கிய டெக், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி உள்ளூர் மெக்கானிக் சேர்த்துக் கொடுத்த 'அசெம்பிள்டு செட்' என்று ஊருக்கு ஊர் விதவிதமான கருவிகள். தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் இளைஞர்களின் அறைகளிலும் அக்காலத்தில் காணப்பட்ட ஓர் அமைப்பை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது, மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ வைத்துப் பாட்டுப் போடுவது.

இதை நாட்டுப்புற வேடிக்கை என ஒதுக்குவது தவறு. தனியே கையில் பிடித்த ஸ்பீக்கரின் தாள் முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்று தளர்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பானையின் வாயில் ஸ்பீக்கர் பொருந்தி அமர்ந்தால் பின்பக்க ஒலி உள்ளே அடைபடும். முன்பக்க ஒலி அழியாமல் தப்பிக்கும். 1954 இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறிய மூடிய பெட்டியால் ஆழ்ந்த பேஸ் தர முடியும் என்று காட்டி ஏஆர்-1 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டார். கணக்கும் நுட்பமும் அவருடையவை. பின்னொலியை அடைத்துவைக்க வேண்டும் என்ற அடிப்படை அறிவு மட்டும் நம் தேநீர்க் கடைக்காரரிடமும் இருந்தது.

வாய் முழுதும் மூடாமல் சிறிது திறந்து வைத்தால் வேறொன்று நடக்கும். பானைக்குள் உள்ள காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடையும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கிய தத்துவம் இது. 15 லிட்டர் கொள்ளும், 14 செ.மீ. வாயுள்ள பானைக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் பெருத்து ஒலிக்கும். எந்தப் பாட்டுப் போட்டாலும் 'பூம் பூம்' என்று ஒரே மாதிரி கேட்டதன் காரணம் அதுதான். இன்று கடையில் விற்கும் மலிவான பேஸ் பெட்டிகள் பலவும் நெகிழியில் செய்த பானைகளே என்பது என் கருத்து. துளையுள்ள பெட்டி தன்னளவில் குறையுடையதன்று. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930களின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். துளையின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் ஸ்பீக்கருக்குப் பொருந்தினால் அடித்தொனி ஆழமாகும். பொருந்தாவிட்டால் அது பானையாகத்தான் ஒலிக்கும்.

மின்னணு முழவு

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980 இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. அதன் 'கிக்' ஒலி 50 ஹெர்ட்ஸ் அருகே நீண்டு அடங்கும். தோலோ கம்பியோ இல்லாத, மேற்சுரங்கள் மிகக் குறைந்த, தூய அடித்தொனி அது. சிறிய ஸ்பீக்கரில் மூளை ஊகிக்க ஏதும் மிஞ்சாததால், இவ்வொலி ஏறத்தாழ மறைந்தே போகும். பேஸ் கிடாருக்குச் சிறிய வானொலி போதும், மின்னணு இசைக்குப் போதாது என்ற வேறுபாடு இங்கேதான் பிறந்தது.

இவ்வியந்திரத்தை இந்தியாவில் மிக முன்னதாகப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங். 808 ஐயும் அதே நிறுவனத்தின் டிபி-303 ஐயும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் 1982 இல் பதிவு செய்தார். இசைத்தட்டு விற்கவில்லை. 2010 இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' இசை பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அதே ஒலி பம்பாயில் உருவாகியிருந்தது என்று உலகம் வியந்தது. அன்று விற்காமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அந்தத் தட்டின் அடித்தொனியை எழுப்பக்கூடிய கருவி 1982 இல் எத்தனை இந்திய வீடுகளில் இருந்திருக்கும் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கத் தோன்றுகிறது.

தமிழில் கணினி வழி இசைக்கு 1986 இல் வெளிவந்த புன்னகை மன்னன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பேஸ் ஒலி வீட்டு விவாதமாக மாறியது 1992 இல் ரோஜா வந்த பிறகு. ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அடித்தொனிக்குத் தனி அடுக்கு கொடுத்துப் பதிவு செய்தார். ஜென்டில்மேன் (1993), காதலன் (1994) பாடல்களைப் பழைய டூ-இன்-ஒன்னில் ஒரு முறையும் நல்ல டெக்கில் ஒரு முறையும் கேட்டவர்கள் இரண்டும் வேறு பாடல்கள் என்றே சொல்வார்கள். திரையரங்குகளும் மாறின. இந்தியாவில் டிடிஎஸ் ஒலியமைப்பில் வந்த முதல் படமாகக் குறிப்பிடப்படுவது 1996 இல் வெளிவந்த கருப்பு ரோஜா. திரையரங்கில் நெஞ்சு அதிரக் கேட்டதை வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசை அதன்பின் வளர்ந்தது. 2000களில் டிவிடியோடு சேர்ந்து வந்த ஹோம் தியேட்டர் பெட்டிகளும் சப்-வூஃபரும் அதை நிறைவேற்றின.

ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007 இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பின் சில பகுதிகள் சென்னையில் பதிவாயின. உறுமி முழக்கம் அதில் மின்னணு அடித்தொனியோடு கலந்தது. உறுமியின் கனம் ஒலிபெருக்கியில் முழுமையாகக் கேட்பதற்கு அந்தக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்துக்குப் பத்து அறை

இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006 இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இந்த ஆலைகளுக்கு வெளியூரிலிருந்து வந்த இளைஞர்களுக்காக, நான் வசிக்கும் சேரப்பணஞ்சேரி போன்ற சுற்றுவட்டார ஊர்களில் லைன் வீடுகள் எழுந்தன. ஒரே வரிசையில் பத்துக்குப் பத்து அறைகள், நடுவே நாலரை அங்குலச் சுவர். ஓர் அறையில் மூன்று ஷிஃப்டுக்காரர்கள். நினைவக அட்டையில் கடைக்காரர் ஏற்றித் தந்த பாடல்களில் தொடங்கி, இன்று புளூடூத் டவர் ஸ்பீக்கர் வரை அந்த அறைகளுக்குள் வந்துவிட்டது.

இந்த அறைதான் அடித்தொனிக்கு மிக மோசமான இடம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிலையலை உருவாகும் மிகத் தாழ்ந்த அதிர்வெண், ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே 56. கூரையும் பத்தடி என்றால் மூன்றாவது முறையும் அதே. 808 கிக்கின் ஒலி விழுவது இதன் பக்கத்தில். சுவரோரம் படுத்திருப்பவருக்குக் காது அடைக்கும். அறை நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தவருக்கு அதே ஒலி மெலிந்து கேட்கும். அவர் எழுந்து சத்தத்தைக் கூட்டுவார். ஸ்பீக்கரில் குறையில்லை, அமர்ந்த இடம் அப்படி.

கூட்டிய சத்தம் அடுத்த அறைக்கும் போகும். சுவரின் தடுப்பாற்றல் அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது கோட்பாடு. எனவே பாடகரின் குரலைத் தடுக்கும் அதே சுவர் 50 ஹெர்ட்ஸைப் பெருமளவு விட்டுவிடும். இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுத்தவருக்குப் பாட்டு எதுவென்று தெரியாது. 'தும், தும்' மட்டும் தலையணை வழியே வந்துகொண்டிருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது

முதலில் வாட் கணக்கைப் பார்ப்பதை விட வேண்டும். தொண்ணூறுகளில் பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட பிஎம்பிஓ எண்ணுக்கு அளவீட்டு மதிப்பே இல்லை. ஆர்எம்எஸ் வாட் உண்மையானது. ஆனாலும் வாட்டை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. பார்க்க வேண்டியது, எத்தனை ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் வேறுபாட்டுக்குள் ஒலிக்கும் என்ற குறிப்பு. அது இல்லாமல் வெறுமனே '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நம்ப வேண்டாம்.

அடுத்து ஸ்பீக்கர் தாளின் அகலம். அதே உரப்பை ஒரு மடங்கு தாழ்ந்த அதிர்வெண்ணில் தர வேண்டுமானால் தாள் நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர், 25 இல் 16. மூன்று அங்குலத் தாளால் இது ஆகாது. சிறிய அறைக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குலத் தாளுள்ள ஒரு சோடி புத்தக அலமாரி ஸ்பீக்கர்களே என் பரிந்துரை. 50, 60 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும், மீதியை அறையே கூட்டிக்கொள்ளும். பெரிய கூடம் உள்ளவர்கள் சப்-வூஃபர் சேர்க்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் அறியாது என்பதால் ஒன்றே போதும். மூலையில் வைத்தால் அடித்தொனி பெருகும். அதைக் குறைபாடாகவே கொள்ள வேண்டும். பொதுச்சுவரை விட்டு நகர்த்தி, அடியில் தடித்த ரப்பரோ நுரைமெத்தையோ இட்டு வைத்தால் தரை வழியே அதிர்வு பரவுவது ஓரளவு குறையும்.

கடையில் அவர்கள் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. நன்கு பழகிய பாடல்கள் இரண்டை எடுத்துச் செல்ல வேண்டும். பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக இறங்கும் ஒரு பழைய பாடல், மின்னணுக் கிக் உள்ள ஒரு புதிய பாடல். முதல் பாடலில் எல்லாச் சுரமும் ஒரே உரப்பில் கேட்டால் பெட்டி நல்லது. ஒரு சுரம் மட்டும் எகிறினால் அது பானை.

குறைந்த சத்தத்தில் பேஸ் வரவில்லையே என்ற குறைக்கும் காது தான் காரணம். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933 இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெலில் கேட்கும் ஒலிக்கு ஈடாக 50 ஹெர்ட்ஸில் கேட்க 70 டெசிபெலுக்கு மேல் தேவை. பழைய டெக்குகளில் 'லவுட்னஸ்' பொத்தான் இருந்தது இதற்காகத்தான். அதை இன்றைய செயலிகளின் ஈக்வலைசரிலும் செய்துகொள்ளலாம். சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. லைன் வீட்டிலும் விடுதியிலும் இருப்பவர்களுக்கு நல்ல ஹெட்போன் எந்தப் பெட்டியையும்விட ஆழ்ந்த பேஸ் தரும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதை எல்லையாகச் சொல்கிறது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் வரம்பு. ஆனால் இந்த அளவீடு 'ஏ' எடையிட்ட டெசிபெல். மனிதக் காதைப் பின்பற்றி, 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபெலைக் கழித்துவிட்டே கணக்கிடும். சப்-வூஃபர் அடுத்த அறையின் சுவரை உலுக்கிக்கொண்டிருக்கும்போதும் கருவியில் வரம்புக்குள்ளான எண் காட்டக்கூடும். அது மட்டுமன்றி, காலை எட்டு மணி சட்டத்தின் கணக்கில் பகல்.